வடலூர் வீட்டின் முட்டு மரங்கள்

நெய்வேலி,
ஞாயிறு காலை

அன்புள்ள இசைப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் இடது காரை எலும்பு மட்டும் உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது, புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நேற்று நீ அம்மாவைக் கூப்பிட்டு, மாமா மேல் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிக்கொள், குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றாயாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியும். உன் மாமா கலைச்செல்வன் உனக்குச் சொன்ன கதை வேறு, நடந்தது வேறு. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

மாமாவின் வடலூர் வீட்டை நான் கான்ட்ராக்ட் எடுத்தபோது முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டதற்குச் சொந்தமெல்லாம் சிரித்தது உனக்கு நினைவிருக்கும். அக்கா புருஷனுக்கு மச்சான் மேலயே நம்பிக்கை இல்ல, நாளைக்கு அக்காகிட்டயும் சோறு போடச் சொல்லிக் கையெழுத்து வாங்குவாரு என்று பந்தியில் உட்கார்ந்து கிண்டல் செய்தவரே மாமாதான். அதில் நான் பிடிவாதமாகப் போட்டது ஒன்றே ஒன்று. சாவி ஒப்படைக்கும்வரை சைட் என் பொறுப்பு, ஓனர் வேலையில் கை வைக்கக் கூடாது, மாற்றம் வேண்டுமென்றால் எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஹாலுக்கு மேல் கான்கிரீட் தளம் போட்டோம், நடுவில் நீளமான உத்திரம், அதைத் தாங்கி நிற்கிற சவுக்கு முட்டு மரங்களை மூன்று வாரமாவது அசைக்கக் கூடாது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வைகாசியின் கடைசி முகூர்த்தம் வந்துவிட்டது. ஆனியிலும் ஆடியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள், விட்டால் ஆவணிதான், பால் காய்ச்சுகிற ஹாலில் மரம் நின்றால் மைன்ஸில் என்னோடு வேலை பார்க்கிறவனெல்லாம் வந்து சிரிப்பான், பிரித்துவிடு என்றார் மாமா. முடியாது, சிமெண்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்றேன். அந்தப் பேச்சு அவருக்குத் தைத்துவிட்டது.

மறுநாள் நான் கம்மாபுரம் சைட்டில் இருந்தேன். தளத்துக்கு முட்டுக் கொடுக்கிற நம் சென்டரிங் ஆள் அய்யனார் போன் செய்து, அண்ணே, உங்க மச்சான் நாலு பேரக் கூட்டியாந்து மரத்த உருவிக்கினு இருக்காரு, சொன்னா கேக்கமாட்றாரு என்றான். போய் இறங்கினால் சம்மட்டியால் ஆப்புகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், பாதி மரம் தரையில் கிடக்கிறது. தம்பி வீட்டில் அக்காதானே முதலில் பால் காய்ச்ச வேண்டும், அதற்கு இடம் பார்க்க வந்த உன் அம்மா வாசலில் நின்று வேணாம்டா வேணாம்டா என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஒருவன் கையிலிருந்த சம்மட்டியைப் பிடுங்கினேன். என் வூடு, நான் இடிப்பேன், நீ யாருடா கேக்க என்றார் மாமா. இருபத்தைந்து வருஷத்தில் முதல் டா. சவுக்கு மரத்தைத் தூக்கி என் தோளில் இறக்கினார், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நானும் சும்மா நிற்கவில்லை, வலது கையால் வாயில் குத்தினேன், முன்பல் விழுந்தது, அதைப் போலீசிலும் மறைக்கவில்லை. நாங்கள் ரத்தமும் ஜல்லியுமாகப் புரண்டுகொண்டிருக்கும்போது அய்யனார் உத்திரத்துக்குக் கீழே ஓடி மரங்களைத் திரும்ப நிமிர்த்தினான். வெளியே வாடா என்று கத்தினேன். ரெண்டு மரம் குடுத்தா நின்னுக்கும்ணே என்றான். நிற்கவில்லை. உத்திரம் நடுவில் பிளந்து தளம் அவன் மேல் உட்கார்ந்தது. கம்பியை அறுத்து அவனை இழுத்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கித் தோலில் தொங்கியது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் மாமா பொக்லைன் கொண்டுவந்தார். நான் கம்பியைக் குறைத்துப் போட்டதால்தான் விழுந்தது என்று அதற்குள் புகார் கொடுத்திருந்தார், இடிபாட்டை அள்ளிவிட்டால் கம்பியும் இல்லை கலவையும் இல்லை, எதை வைத்து யார் சொல்வது. இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டு ஒரு இன்ஜினியர் பார்த்து எழுதும்வரை விழுந்த இடத்தில் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது, இது புனேயில் நீ பார்க்கிற கட்டட வேலைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான் கட்டிலில் கிடந்தேன். அம்மா போய் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மாமா அவள் முடியைப் பிடித்து ஜல்லி மேல் இழுத்தார், முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. என் மேல ஏத்திட்டு அள்ளு, அந்தப் புள்ள ரத்தம் இன்னும் காயல என்றாளாம். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், மரத்தை உருவியது என் தம்பி என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

நீ சமரசம் என்கிறாய். அய்யனார் என் ஆள், வேலையில் அடிபட்டான், அவனுக்கு நஷ்டஈடு என் தலையில்தான், தப்பு யாருடையதானாலும் சட்டம் முதலில் என்னைத்தான் பிடிக்கும், பிடிக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் மாமா கூட்டிவந்த நால்வரும், மரத்தை உருவியதே அய்யனார்தான் என்று ஒரே வாயாகச் சொல்கிறார்கள். அவன் சொல்வதைக் கூலி கொடுக்கிறவனுக்காகச் சொல்கிறான் என்று தள்ளிவிடலாம், நான் சொல்வதையும் தள்ளலாம். ஓனரோடு கூடப் பிறந்தவள் சொல்வதைத் தள்ள முடியாது. உன் அம்மா வாக்கை மாற்றினால் அவன் தன் காலைத் தானே ஒடித்துக்கொண்டவன் ஆகிவிடுவான். அவன் பெண்டாட்டி செந்தாமரையின் முகத்தை வார்டில் பார்த்துவிட்டு வந்து சமரசம் பேசு.

உன் போனுக்குப் பிறகு அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. இன்று காலையில், பால் காய்ச்ச வாங்கிவைத்திருந்த பித்தளைப் பானையைக் கழுவிக் கஞ்சி வைத்தாள். எடுத்துக்கொண்டு வார்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, உனக்கு எழுதப்போவதாக நான் சொன்னதற்கு, நான் பாத்துக்கினுதான் இருந்தேன்னு எழுது, வேற ஒண்ணும் எழுதாத என்றாள். நான்தான் இவ்வளவு எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஹெல்மெட் இல்லாமல் சைட்டில் கால் வைக்காதே, மரம் எடுத்த தளத்துக்குக் கீழே எவன் கூப்பிட்டாலும் போகாதே, யார் எதைச் செய்யச் சொன்னாலும் எழுதி வாங்கு. நீ நூறு வருஷம் இரண்டு காலில் நிற்க வேண்டும். இன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிடு, அய்யனார் கஞ்சி குடித்தானா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு உன் அப்பா,
சுதாகர்