பதினான்காம் தேதிப் பக்கம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வாரம் தவறாமல் போனில்தானே பேசுகிறோம், இதென்ன திடீரென்று கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் நடுவில் நீ ஏதாவது சொல்லுவாய், நான் நம்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா உன்னோடு வந்து இருப்பதற்கான பயண ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் ஆறாம் தேதி விமானம். உங்கள் ஊர்க் குளிருக்கென்று அப்பாவின் கம்பளிக் கோட்டைப் பிரித்துத் தனக்கு அளவாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள். புதிதாக வாங்கலாம் என்றால் கேட்டால்தானே. அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. இன்னும் காலையில் இரண்டு டம்ளரை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறாள்.

போன வாரம் என்னை ஆவணக் காப்பகத்திலிருந்து அரச கல்லறைகளுக்கு வேலையாக அனுப்பினார்கள். அங்கே அலுவலகக் கூரை ஒழுகி, பார்வையாளர் பதிவேடுகள் நனைந்து தையல் விட்டுப் போயிருந்தன. வெளியே அனுப்ப விதி இல்லையாம். ஊசி, நூல், பசை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நானே போனேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஏழு பெரிய குவிமாடங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ராணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சின்னச் சின்னதாக வேறு. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கால் வைத்தால் தரை ஜில்லென்று இருக்கிறது. கல்லறைக் கல்லை ஆள் ஆளாகத் தொட்டுத் தொட்டு ஒரு மூலை மட்டும் வழவழப்பாகியிருக்கிறது. கடைசிக் குவிமாடத்தில் யாரையும் புதைக்கவில்லை, கட்டிய ராஜா வேறெங்கோ செத்துப்போனார் என்று காப்பாளர் சொன்னார். மனிதர் வாய் ஓயாமல் பேசுவார். நான் தலையாட்டிக்கொண்டே தைத்தேன்.

தைக்கும் முன் பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று தேதி பார்த்து அடுக்க வேண்டும். அப்படித்தான் அந்தப் பதினான்காம் தேதிப் பக்கம் கையில் வந்தது. மேலிருந்து நான்காவது வரி. உன் கையெழுத்து. உன் பெயர், உங்கள் ஊர் முகவரி, ஆட்கள் ஆறு பேர். கருத்து என்ற இடத்தில், “அருமையான இடம். உள்ளே நின்று பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வருகிறது. பிள்ளைகளுக்குக் கிளம்பவே மனமில்லை” என்று எழுதியிருந்தாய்.

அந்தப் பதினான்காம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உன்னோடு பேசினேன். “லீவே தர மாட்டேங்கிறாங்க. மேனேஜர் கால்ல விழாத குறைதான்” என்றாய். குரல் ஏன் இப்படிக் கேட்கிறது என்றேன். ஆபீஸ் மாடிப்படியில் நிற்கிறேன் என்றாய்.

நீ வரும்போது படுத்துக் கிடக்கக் கூடாது என்று அப்பா தலையணைகளை அடுக்கி உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய், உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். அதோடு விட்டேனா? நீ போனில் அழுதாய் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். “அவன் மேல கோவப்படாத. அங்க அவனுக்கு என்ன கஷ்டமோ” என்றார். பிறகு தலையணைகளை எடுத்துவிடச் சொன்னார். சனிக்கிழமை போய்விட்டார். அன்றைக்கு நீ நிஜமாகவே போனில் அழுதாய். உன்னைத் தேற்றியது நான்தான்.

ஒருவேளை வேறு யாராவது உன் பெயரில் எழுதியிருப்பார்களோ என்றுகூட நினைத்தேன், பார். வாசல் காவலாளியிடம் கேட்டேன். அவருக்கு உன்னை நன்றாக நினைவிருக்கிறது. மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாயாம். உள்ளே போன் பேசவிட்டதற்காகக் காப்பாளரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். “வெளிய போய்ப் பேசுங்கன்னுதான் சொன்னேன். அப்பாவுக்கு ரொம்ப முடியல, ஒரு நிமிஷம்னாரு. பாவம்னு விட்டுட்டேன்” என்றார்.

அதுவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. நம் வீட்டில் உனக்காக வாதாட நான் இருந்தேன். அம்மா முகம் சுளித்தபோதெல்லாம் உன் பக்கம் பேசினேன். அண்ணி வீட்டாரை ஊர் சுற்றிக் காட்ட வந்தேன், ஆஸ்பத்திரிக்கு வரப் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். நீ என்னிடம் பொய் சொன்னதைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். அதை என் வாயாலேயே அப்பாவிடம் சொல்ல வைத்தாயே, அதை என்ன செய்வது?

அந்தத் தாளை எடுத்துவிடலாம் என்று கத்தியைக் கையில் எடுத்தேன். மடித்துத் தைக்கிற தாளில் ஒரு பாதியை வெட்டினால் மறுபாதியும் கழன்று வந்துவிடும். அதில் யார் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள். இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் கேட்காதவரை சொல்ல மாட்டேன். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். உன் சமையலறையில் எந்த அலமாரி தனக்கு என்று நேற்றும் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். போனும் கொஞ்ச நாளைக்கு அம்மாவின் நம்பருக்கே செய். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆறாம் தேதி விமான நிலையத்துக்கு டிரைவரை அனுப்பாதே, அண்ணியையும் அனுப்பாதே. நீயே போ. அம்மாவுக்குத் தூரப் பார்வை சரியில்லை, கூட்டத்தில் தேடத் தெரியாது. அவள் கதவைத் தாண்டி வரும்போது நீ முன்னாலேயே வந்து நின்றிருக்க வேண்டும்.

நன்றாக இரு.

உன் தங்கை