தூணில் படாத கண்ணாடி

மாப்ள,

நேற்று காலை, தெருவே குடத்தோடு குழாயடியில் நின்ற நேரத்தில், உன் காரின் டிக்கிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டேன். பின்விளக்கைப் பிடித்திருக்கும் நட்டு நாலும் உள்பக்கம் என்பது உனக்குத் தெரியும். மூன்றைக் கழற்றிவிட்டேன். நாலாவது மூலைக்குள் ஒளிந்திருந்தது. அதை எட்டிப் பிடிக்கப் போனேன், இடுப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. தலையும் தொப்பையும் உள்ளே, காலும் கைலியும் ஊர் பார்க்க வெளியே.

சின்ன மகள் வந்து பார்த்தாள். "எப்பா, நீ உள்ள போறியா, வெளிய வரியா?"

"அதத்தான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன். அம்மாவ கூப்புடு."

அம்மாக்காரி வந்தாள். "இருக்கட்டும் வுடு, வூடு கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். குழாயடியில் சிரிப்புச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

உள்ளே இருட்டு. மூக்குக்கு நேரே, மூடி திறந்த சிலிக்கான் பசை டியூப். அந்தப் புளித்த வாடை உனக்கு ஞாபகம் இருக்கும், ஊறுகாய்ச் சாடிக்குள் தலையை விட்ட மாதிரி. அந்த வாடையோடு நீ வந்துவிட்டாய். வந்து என்ன கேட்பாய் என்றும் தெரியும். எழுந்து ஓட வழியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தங்கச்சி கார் ஓட்டப் பழகிவிட்டாள், மாப்ள. உன் பெண்டாட்டிதான். எச் போட்டுக் காட்டி லைசென்சும் வாங்கிவிட்டாள். செந்துறையில் இருக்கும் அவள் அம்மாவை நினைத்தபோது போய்ப் பார்த்து வர வேண்டும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான் ஆசை. முன்னால் போக பயமில்லை. கேட்டிலிருந்து பின்னால் எடுக்கத்தான் பயம்.

"இருபது வருசம் ஓட்டுன கை, அவருக்கே தப்பிருச்சே அண்ணே. எனக்கு எப்படி வரும்? மொதல்ல அந்த ஒடஞ்ச பின்வெளக்குக் கண்ணாடிய மாத்திக் குடுங்க. அதப் பாத்தாலே காலு நடுங்குது."

அந்தக் கண்ணாடியை உடைத்தது நீ இல்லை. நான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போக உன் காரை வாங்கிப் போனேனே, அன்றைக்கு. சாமி கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பும்போது, மதிலோரம் நட்டிருந்த கல்லில் 'சடக்' என்றது. வலது பக்கப் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு தெறித்துக் கீழே கிடந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உன்னிடம் காட்டி ரெண்டு திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான். இதற்காவது நீ என்னை நம்ப வேண்டும்.

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தால், கூடம் நிறைய சொந்தக்காரர்கள். நடுவில் நீ கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாய். சர்க்கரை கண்ணில் கொஞ்சம் வேலையைக் காட்டியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவு பேர் முன்னால், அந்த முகத்திடம், உன் காரை இடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் காலை எனக்கு முன்னால் எழுந்துவிட்டது. நம் அரியலூர் எடைமேடை வேலைக்குக் கிளம்ப நான் வந்தபோது நீ காரைப் பாதி வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, குனிந்து பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மச்சான், கேட்டுத் தூண்ல இடிச்சிருக்கேன்டா. சத்தம்கூட கேக்கல."

வாயைத் திறந்தேன். அதற்குள் நீயே சொன்னாய்: "டாக்டர் சொன்னப்ப நம்பல. கண்ணு போவுதுடா."

அப்புறம் நாம் ரெண்டு பேரும் அந்தத் துண்டைத் தேடினோம். நீ விளக்குமாற்றால் கேட்டடியைக் கூட்டிப் பார்த்தாய். நான் செம்பருத்திப் பாத்திக்குள் கையை விட்டுத் துழாவினேன். துண்டு என் சட்டைப்பையில். குனியும்போது விழுந்துவிடுமோ என்று பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு தேடினேன். நெஞ்சு வலியா என்று கேட்டாய். பத்தாவதையே ரெண்டு முறை எழுதித் தேறியவன் நான். அன்றைக்கு மட்டும் அப்படி ஒரு நடிப்பு எங்கிருந்து வந்ததோ.

நீ தூணைத் தடவிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? "பாத்தியா, ஒரு கீறல் இல்ல. நம்ம கொத்தனாரு வேல அப்படி." அதிலும் உனக்கு ஒரு பெருமை. பெருமைப்பட்டுக்கொண்டே சாவியை என் கையில் வைத்தாய்.

"இனிமே நீயே ஓட்டு மச்சான்."

மூணு வருஷம் நான் ஓட்டினேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர். நீ இடது பக்கம். லாரிக்குப் பின்னால் போகும்போதெல்லாம் உன் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பழைய ஆளாக இருந்தால் "ஏறிப் போடா மாட்டு வண்டிக்காரா" என்றிருப்பாய். எடைமேடை ஆபீசில் சாயங்காலம் நான் கணக்கு முடிக்கும் வரை எனக்காகக் காத்திருப்பாய். முன்பெல்லாம் நான்தான் உனக்காகக் காத்திருப்பேன். நினைத்தபோது எழுந்து போகிற மனுஷன், 'போலாமா' என்று என்னைக் கேட்கிற மனுஷனாக ஆகிவிட்டாய்.

சொல்லப் பார்த்தேன். ஒரு நாள் அரியலூர் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, பின்னால் சிமெண்டு லாரி, நடுவில் நாம். இறங்கிப் போகவும் முடியாது, பேச்சை மாற்றவும் முடியாது. இதுதான் சமயம் என்று தொண்டையைக் கனைத்தேன்.

நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நல்லவேள, தூணோட போச்சு. ஒரு புள்ள மேல வுட்டிருந்தா? சாமிதான்டா முன்னாடியே காட்டிக் குடுத்துச்சு."

சாமி பேரில் நீ போட்ட கணக்கில் நான் எப்படிக் கையை வைப்பேன்? 'ஓட்டாம இருக்கிறதும் அவனுக்கு நல்லதுதான், கண்ணும் அப்படித்தானே இருக்கு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட் திறந்தது. கியரைப் போட்டேன்.

ஆனால் டாக்டர் உன்னை ஓட்டவேண்டாம் என்று சொல்லவே இல்லை, மாப்ள. பகலில் ஓட்டலாம் என்றாராம். தங்கச்சி பின்னால் சொன்னாள்.

குற்ற உணர்ச்சிக்கு என்ன செய்வது? ரிப்பேர் செய்தேன். உடைந்த இடத்தில் சிவப்புத் தாளை ஒட்டி, சிலிக்கானை இட்லிக்கு மாவு ஊற்றுகிற மாதிரி சுற்றிலும் ஊற்றி அடைத்தேன். ஐப்பசி மழையில் பார்த்தால் விளக்குக்குள் பாதி தண்ணீர், கண்ணாடியெல்லாம் ஆவி. ரெண்டு மீன் வாங்கி விடலாம் என்று நீ சிரித்தாய். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு, அதையும் சேர்த்து அடைத்துவிட்டேன் என்று கண்டுபிடித்து, ஆணியால் குத்தி எடுத்தாய்.

"நீ தண்ணிய வெளிய நிறுத்தலடா. உள்ள வச்சுப் பூட்டியிருக்க."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாய். ஆனாலும் அந்தச் சொல்லை நான் எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? உனக்குத் தெரியும் என்று சில நாள் தோன்றும். தெரியாது என்று சில நாள். போன வருஷம் நீ போய்ச் சேர்ந்தபோது, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுப் போனது.

நேற்று ஒருவழியாக மகள்தான் என் கைலி பெல்ட்டைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள். பழைய கண்ணாடியைக் கழற்றினேன். பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த துண்டை எடுத்து அதில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் எங்கே போகும்?

வாங்கி வந்த புதுக் கண்ணாடியை மாட்டுவதில் அவசரப்படவில்லை. பழைய பிசினைச் சுரண்டி, துடைத்து, காயவிட்டு, மெல்லிசாக ஒரே கோடாகச் சிலிக்கான் வைத்து அழுத்தினேன். அடித்துளையில் ஈர்க்குச்சி செருகி வைத்தேன், நீ சொன்ன மாதிரி. இன்று காலை குச்சியை உருவிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

காரைக் கொண்டுபோய் உன் வீட்டில் நிறுத்தினேன். தங்கச்சி புதுக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். சீட்டில் ஏறினாள். ரிவர்ஸ் போட்டாள். நாலடி வந்தது, நின்றது. ஓரக் கண்ணாடி வழியாகத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தூணுதானே அண்ணே?"

"தூண வுடு தங்கச்சி, அது எங்கயும் ஓடாது. நீ வா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இறங்கிவந்து சாவியை என் கையில் வைத்தாள்.

"நீங்களே எடுத்துடுங்க அண்ணே. இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

அதே கேட். அதே சாவி. வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அவள் பின்னால் போய் நின்று, "வாங்க, வாங்க, இன்னும் வரலாம்" என்று கை காட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் தூண் வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. உன் கொத்தனார் வேலை அப்படி.

செந்துறை பஸ் எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டாள். சொன்னேன். நாக்கு நுனி வரை வந்தது மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது.

அவரு இடிக்கல, தங்கச்சி.