உன் அம்மாவின் முதுகும் என் காலும்

மதுக்கரை
12.8.1996

அன்புள்ள அம்மணி இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நாக்பூரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்பதுதான் அடுத்த வரி, அதை எழுதக் கை வரவில்லை. உனக்குச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு, அவள் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்.

நான் கால் முன்னே வந்து பிறந்தவன், அப்படிப் பிறந்தவன் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று நம் வீதியே நம்புவது உனக்குத் தெரியும். பஸ் டிரைவர் தம்பிதுரைகூட, 'ஏனுங்ண்ணா, காலைக் கொஞ்சம் வெச்சுப்போட்டுப் போங்க' என்று வாசலில் குப்புறப் படுப்பான். பிறந்ததைத் தவிர வேறெதிலும் பேர் எடுக்காதவன், அந்த மரியாதையில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. போன மாதம் ஆட்டுக்கல்லை நகர்த்தும்போது அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, வலி தொடை வழியாகக் கால்விரல்வரை சுரீரென்று இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க என்றாள். ஊருக்கே வைத்தியம் பார்க்கிற காலை வீட்டில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி எதற்கு என்று ஏறி மிதித்தேன். என் எடைதான் உனக்குத் தெரியுமே. மறுநாள் காலை இரண்டு காலும் மரத்துப்போச்சு, ஒன்றுக்குப் போகவும் வரவில்லை என்று அழுதாள்.

கோயமுத்தூரில் அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறதாம், அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் மாதிரி கொத்தாகத் தொங்குகின்றனவாம். கால் நடப்பது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இருப்பது, ஒன்றுக்கு இரண்டுக்கு அடக்குவது எல்லாம் அந்த வால் பார்க்கிற வேலையாம். எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கி அதை நசுக்கிவிட்டது. நான் மிதித்ததாலா என்று கேட்டேன். 'முன்னாடியே பிதுங்கியிருக்கும், ஆனா மிதிச்சது...' என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். இப்போது தம்பிதுரை வந்தால் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறேன்.

இப்போது வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம், அம்மா சுவரைப் பிடித்து நாலடி நடக்கிறாள், ஒன்றுக்கு இன்னும் ட்யூப்தான். நரம்பு மெதுவாகத் தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார்கள். தினமும் அவளைக் கண்ணை மூடச்சொல்லி, உள்ளங்காலில் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டுவந்து சொல்லச் சொன்னார்கள். அவளும் தெரியுதுங்க என்பாள், நானும் டாக்டரிடம் போய்ப் பெருமையாகச் சொல்வேன். நேற்று பஞ்சைப் பிரித்துக்கொண்டே தெரிகிறதா என்றேன். 'நல்லாத் தெரியுதுங்க, நீங்க போய் ஒரு வாய் சாப்பிடுங்க' என்றாள். கண்ணு, நான் இன்னும் தொடவே இல்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லி உடனே புறப்பட்டு வா. மாசாணியம்மன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பாள். தண்ணீர்க் குடத்தை ஒரேயடியாகக் குனிந்து தூக்காதே. அந்தப் பஞ்சை இனி நீதான் பிடிக்க வேண்டும், உன்னிடமாவது நிஜத்தைச் சொல்வாள்.

உன் அப்பன்,
அங்கப்பன்