புனல் பிடிக்க ஓர் ஆள்

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பி வண்டியின் சாவியைத் திருப்பினேன். டீசல் முள் சிவப்புக் கோட்டில் படுத்துக் கிடந்தது. நீ போவதற்கு முந்தைய வாரம் நாம் இருவரும் சேர்ந்து நிரப்பிய டீசல் அது. தீர்ந்துவிடக் கூடாதென்று பூசைக்கு மட்டுமே வண்டியை எடுத்தேன். தேக்கா சந்தைக்குக்கூட பஸ்ஸில்தான் போய்வந்தேன். டீசல் லேசில் தீராது என்று நீ பெருமையடித்துக்கொள்வாய். உண்மைதான், நிறைய நாள் வந்தது. ஆனாலும் தீரும் கட்டத்துக்கு வந்துவிட்டது.

பிறக்கும்போது அது பெட்ரோல் வண்டி. இன்ஜின் போனதும் எல்லாரும் உடைக்க அனுப்பச் சொன்னார்கள். ஜூரோங் கப்பல் பட்டறையின் உதிரிபாகக் கிடங்கிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவள் நீ, உனக்கு டீசல்மேல் அப்படியொரு நம்பிக்கை. அதே மாடல் டாக்சியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின் ஒன்றைக் காக்கி புக்கிட் வண்டிப் பட்டறை ஒன்றில் தேடிப் பிடித்தாய். இன்ஜினை மாற்ற அனுமதி வாங்க நடையாய் நடந்தாய்.

"டீசலுக்கு ரோட் டேக்ஸ் கூட. இதுல என்னக்கா லாபம்?" என்று கேட்டேன்.

"டீசல் அவசரப்படாது. நம்ம வயசுக்கு அதுதான் சரி," என்றாய். லாபம் என்ன என்பதற்கு நீ கடைசிவரை பதில் சொல்லவில்லை.

இன்ஜின் மாறியதும் வண்டி டாக்சிபோலவே கடகடத்தது. சிராங்கூன் சாலையில் சிக்னலுக்கு நின்றபோது, காய்கறிப் பைகளோடு ஒரு அம்மா டாக்சி என்றே நினைத்துப் பின்கதவைத் திறந்து ஏறி, "பிடோக் போங்க," என்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். நீ என் தொடையைத் தட்டிவிட்டு, "நாங்களும் அங்கதான் போறோம் லா, உட்காருங்க," என்றாய். வழி நெடுக அந்த அம்மாவின் மருமகள் கதை. இறங்கும்போது அவர் பணம் கொடுக்கவும் நீ வாங்க மறுக்கவும், அதற்கு ஒரு சண்டை. வீட்டுக்கு வந்து நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபமே வந்தது.

எல்லாம் மாற்றியவள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். எண்ணெய்த் தொட்டியின் வாய் பெட்ரோலுக்குச் செய்த சின்ன வாய். டீசல் குழாயின் மூக்கு தடிமன், அதற்குள் நுழையாது. புனல் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். புனல் வைத்தால் பெட்ரோல் நிலைய ஊழியர்கள் தொட மாட்டார்கள், அவர்கள் விதி அப்படி. ஆகவே நான் புனலைச் சாயாமல் பிடிக்க, கனத்த குழாயை நீ இரண்டு கைகளாலும் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாய். வேகமாக ஊற்றினால் நுரைத்துக்கொண்டு என் புடவையில் வழியும். எத்தனை புடவை போனது என்று உனக்கே தெரியும். வாயைப் பெரிதாக்கச் சொல்லி நான் நச்சரிக்கும்போதெல்லாம், "பட்டறையில ஆள் இல்லையாம், அடுத்த மாசம் பார்க்கலாம்," என்பாய். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

பூசை முடிந்ததும் யாரையாவது கூப்பிடலாம் என்றுதான் வாசலில் நின்றேன். எல்லாரும் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வந்து புனல் பிடியுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? இப்போதெல்லாம் எனக்குப் பேச்சே குறைந்துவிட்டது அக்கா. சனிக்கிழமை முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூசையில் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது குரல் கட்டியிருந்தது, அப்போதுதான் எனக்கே அது தெரிந்தது.

திங்கட்கிழமை மிச்சமிருந்த டீசலை நம்பி, இன்ஜின் மாற்றிய அதே பட்டறைக்குப் போனேன். உன் பட்டறைக்காரருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. நீ போன செய்தி அவருக்குத் தெரியாது. சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தொட்டியின் வாயைப் பெரிதாக்க வேண்டும் என்று வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அரை மணி நேர வேலைமா," என்றார். "இன்ஜின் மாத்துறப்பவே கேட்டேன், இதையும் சேர்த்துச் செஞ்சிடலாம்னு. அக்காதான் வேணாம்னுட்டாங்க. அப்புறமும் ரெண்டு மூணு தடவை கேட்டுப் பார்த்தேன். 'இருக்கட்டும்பா, தங்கச்சி வீட்ட விட்டு வெளிய வர ஒரு வேலை வேணும்ல'ன்னு சொல்லிட்டாங்க."

எனக்கு உன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் வீட்டோடு அடைந்து கிடந்தது வாஸ்தவம்தான். அதற்காக இப்படியா? நீ தனியாகக் கஷ்டப்படுவாயே என்றுதான் இத்தனை வருடம் நான் கூட வந்தேன். முட்டி வலித்த நாளிலும் வந்தேன். உனக்குத் துணை நான் என்று நினைத்திருந்தேன். நீயோ எனக்குத் துணையாக இருந்திருக்கிறாய், அதையும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

"அப்படியே விட்டுடவா, மாத்திடவா?" என்று கேட்டார்.

"மாத்திடுங்க," என்றேன். வேறென்ன சொல்ல? நீ இல்லையே.

சொன்னபடியே அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். வரும் வழியில் நாம் வழக்கமாகப் போகும் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். ஊழியர் வந்தார். "டீசலா ஆன்ட்டி? நீங்க உள்ளேயே இருங்க, நான் பார்த்துக்கிறேன்," என்றார். குழாய் ஒரே தள்ளில் உள்ளே போய் உட்கார்ந்தது. யாரும் எதையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

நான் இறங்கினேன். தொட்டிக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். ஊழியர் திரும்பிப் பார்த்து, "ஏதாச்சும் வேணுமா ஆன்ட்டி?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா, நீங்க ஊத்துங்க," என்றேன். தொட்டி நிரம்பும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.