இரண்டு கதிரைக்குக் கீறிய பலகை

மச்சான்,

இன்று காலை படகுக்குப் பூசும் ரெசின் பசை கலக்கிக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ வெளிநாட்டுக் கண்காட்சியில் நிற்கும் புது உல்லாசப் படகு. நிமிர்ந்த மூக்கு, உடம்பு முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. பின்பக்கம் இரண்டு சுவர்களும் அப்படியே வெளியே மடிந்து, தண்ணீருக்கு மேல் விறாந்தையாகின்றன. இதுதான் புதுப் பாணி என்று ஒருவர் பெருமையாக விளக்குகிறார். நான் சிரித்து முடிப்பதற்குள் ரெசின் இறுகிவிட்டது. நீ இருந்திருந்தால் எனக்கு நல்ல பேச்சு விழுந்திருக்கும்.

குருநகரில் எங்கள் பட்டறை மீன்பிடி வள்ளம் தவிர வேறெதையும் பார்த்திராத காலத்திலேயே உனக்கு இந்தப் பைத்தியம். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்திலும் போனில் படகுதான் ஓடும். உடுவிலைச் சேர்ந்த ஒருவர் லண்டனிலிருந்து திரும்பிவந்து, குடும்பத்தோடு கடலில் உலாவ ஒரு சின்னப் படகு வேண்டும் என்றபோது, உன் முகத்தைப் பார்த்தே எனக்குப் பயம் பிடித்தது.

"இது சரிவராட்டி நான் இனிப் பென்சில் தொடமாட்டன். சாகுமட்டும் நீ சொல்லுற வள்ளத்தையே செய்வன்," என்றாய். அதை நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வழக்கமாகச் சாய்ந்திருக்கும் மூக்கைச் செங்குத்தாக நிமிர்த்தினாய். சாம்பல் நிறம் அடித்தாய். கரையால் போனவர்கள் எல்லாம் நின்று, "உதென்ன மூக்கறுந்த வள்ளம்?" என்று கேட்டார்கள். நானும் அவர்கள் கட்சிதான். போதாததற்கு, வலப்பக்கச் சுவரை மடித்து இறக்கும் பலகையாக்கி, படத்தில் அதன்மேல் இரண்டு சாய்வுக் கதிரைகளும் கீறினாய். ஏனென்று கேட்டதற்கு, "கடலைப் பாக்கிறதுக்கில்லை மச்சான், கடலோடை இருக்கிறதுக்கு," என்றாய். சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நீ ஒன்றை மறந்துவிட்டாய். எங்கள் சின்னத் தெருவில், இந்த ஒழுங்கையில், புது வள்ளம் இறங்கினால், பாதர் ஆசீர்வதித்த கையோடு முதல் ஓட்டம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான். யாரும் அழைக்கத் தேவையில்லை, வந்தவர்களை இறங்கச் சொல்லவும் முடியாது. அன்றும் வந்தார்கள். உள்ளே நீ பார்த்துப் பார்த்துப் போட்ட மெத்தை இருக்கைகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காற்று வருகிறதென்று அத்தனை பேரும் உன் பலகையில் வரிசையாகக் குந்திவிட்டார்கள்.

கரையை விட்டு நகர முன்பே படகு சாய்ந்தது. பலகை தண்ணீருக்குள், மற்றப் பக்கம் ஆகாயத்தில். இடுப்பளவு தண்ணீர்தான், ஆபத்து இல்லை. ஆனால் படகுக்காரரின், அந்த லண்டன்காரரின், முகத்தில் ஈயாடவில்லை. நீ தண்ணீருக்குள் பாய்ந்துபோய், உயர்ந்த பக்கத்துக் கம்பியில் தொங்கினாய். நானும் உனக்குப் பக்கத்தில் தொங்கினேன்.

"அக்காமார், பாதிப்பேர் இஞ்சாலை வாங்கோ," என்று கெஞ்சினாய்.

"உங்கை காத்து இல்லைத் தம்பி. நீங்கள் நல்லாத் தொங்குங்கோ," என்று பதில் வந்தது.

"முடிஞ்சுது மச்சான்," என்றாய் என்னிடம். நான் கேலியை விட்டு, உனக்காக இன்னும் பாரமாகத் தொங்கினேன்.

படகுக்காரரின் தாயார் உடுவிலில் தோட்டம் செய்யும் குடும்பம். கடல் என்றாலே பயம். மகன் விடாமல் கேட்ட கரைச்சலுக்காக ஏறி, படகின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எங்கள் பெண்கள் விடுவார்களா? கையைப் பிடித்து இழுத்துத் தங்கள் நடுவில் இருத்தினார்கள். அவர் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலைத் தண்ணீருக்குள் விட்டார். முதலில் ஒரு சின்னச் சத்தம், பிறகு சிரிப்பு.

"தம்பி, நீயும் வந்து இரன். எங்கடை வாய்க்கால் மாதிரிக் குளுகுளுவெண்டு கிடக்கு," என்று மகனைக் கூப்பிட்டார்.

மகன் தாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாங்கள் தொங்கிய பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கமும் ஒரு பலகை போட ஏலுமோ?"

"ஓம்," என்றாய், தொங்கிக்கொண்டே.

அதற்குப் பிறகு, சாகுமட்டும், எந்தப் படகு கீறும்போதும் நீ முதலில் கேட்டது, "ஆர் ஆர் ஏறுவினம்?" என்பதைத்தான். இப்போது நான்தான் கீறுகிறேன். கோடு நேராக வருவதில்லை. நீ இல்லாதது ஒவ்வொரு நாளும் கஷ்டமாகத்தான் இருக்கிறது மச்சான். ஆனால் உன் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

நேற்றுப் பருத்தித்துறையிலிருந்து ஒருவர் வந்தார். கறுப்புக் கண்ணாடியும் நிமிர்ந்த மூக்கும் வேண்டுமாம்.

"ஆர் ஆர் ஏறுவினம்?" என்று கேட்டேன்.

"நானும் மனிசியும் மட்டுந்தான்."

தலையாட்டிவிட்டு, அவருடைய ஒழுங்கைச் சனம் முழுவதும் இருப்பதற்கு இடம் கீறத் தொடங்கினேன்.