பஞ்சும் பூனையும்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டதா?

நீ தைத்து அனுப்பிய தலையணை வந்தது. வந்த அன்றே அதை நானே எரித்துவிட்டேன். கோபப்படாதே. இலவம்பஞ்சுக்குள் நாலு விதை இருந்தது. வெளியிலிருந்து ஒரு விதைகூட இந்தத் தீவில் இறங்கக்கூடாது என்று சோதிப்பதற்குத்தானே எனக்கு இங்கே சோறு போடுகிறார்கள்!

நேற்று மேலதிகாரி கையில் ஒரு கூடையோடு படகிலிருந்து இறங்கினார். திறந்தால் பூனை! “ஐயா, இத இறக்க முடியாதுங்க” என்றேன். “யோவ், இது வீட்டுப் பூனைய்யா. யாரை என்ன பண்ணப் போகுது?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இங்கே ஒரு குருவி உண்டு. உலகத்தில் வேறெங்கும் இல்லை. தின்ன வருகிற மிருகமே இல்லாத இந்தத் தீவில் அது பறப்பதையே மறந்துவிட்டது. நான் குனிந்தால் என் செருப்பின் மேல் ஏறி நிற்கும். இன்று காலை பூனையிடமும் அப்படித்தான் போயிருக்கிறது. மூன்று குருவிகள் காலி. மேலதிகாரி வீட்டு வாசலெல்லாம் இறகு. “அடடா, பாவம்” என்கிறார், பல் குத்திக்கொண்டே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூனையைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட்டேன். இந்தக் கடிதம் வரும் படகிலேயே அதுவும் திரும்புகிறது. வேலை போனால் போகட்டும். நீ பயப்படாதே.

படகுக்காரர் சத்தம் போடுகிறார். இனிமேல் பஞ்சு வேண்டாம். உன் பழைய சேலை ஒன்றை மடித்துத் தலையணை அளவுக்குத் தைத்து அனுப்பு. துவைக்காதே. விதை இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன் கணவன்