மீன்கொத்திப் பொந்துக்கு மேலே ஒரு கிணறு

கருப்பையா அண்ணே,

படம் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏ.சி. அரங்கில் திரையிட்டார்கள். வைகையில் வாழும் உயிர்களைப் பற்றி ஐம்பது நிமிடம். அதில் நீங்கள் ஒரு நொடிகூட இல்லை.

சாம்பல் நாரை இருக்கிறது. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பது இருக்கிறது. நீங்கள் காட்டிக்கொடுத்த கருப்புவெள்ளை மீன்கொத்தி, அலகில் மீனோடு வந்து கரையிலுள்ள பொந்துக்குள் நுழைவது இசையோடு மெதுவாக ஓடுகிறது. அந்த இடத்தில் கைதட்டினார்கள். தண்ணீர் பச்சையாக இருந்தது. விளாங்குடிப் பக்கம் ஆற்றுத் தண்ணீர் என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியாதா? கறுப்பைப் பச்சையாக்கியவன் நான்தான். கம்ப்யூட்டர் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் ஆற்றங்கரை பம்பிங் ஸ்டேஷனில் காண்ட்ராக்ட் கூலி. பல ஆயிரம் வீட்டுச் சாக்கடை வந்து விழும் கிணற்றில் அடைப்பு எடுக்கிறவர். நாங்கள் லென்ஸும் முக்காலியுமாக வந்து இறங்கிய அன்று, "என்னப்பா, ஆத்தை அளந்து பிளாட் போடப் போறீங்களா?" என்று கேட்டீர்கள். பறவை எடுக்க வந்திருக்கிறோம் என்றதும் சிரித்துவிட்டீர்கள். இயக்குநர் வரைபடத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் அலைந்தும் கிடைக்காததை நீங்கள் பத்தே நிமிடத்தில் காட்டினீர்கள். சாக்கடை வந்து விழும் வாயில்தான் புழு இருக்கும், புழு இருக்கும் இடத்தில்தான் கொக்கு நிற்கும் என்றீர்கள். மீன்கொத்திப் பொந்தும் உங்கள் கண்ணில்தான் முதலில் பட்டது. உங்கள் கிணற்றுக்கு நேர் கீழே, கரைமண்ணில்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. காட்டுயிர்ப் படத்தில் மனிதன் வரக்கூடாது. மனிதன் வந்தால் அந்த ஷாட் வீண். நீங்கள் மூங்கில் கழியோடு குறுக்கே வரும்போதெல்லாம், "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று கத்துவேன். ஒரு நாளும் நீங்கள் முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் கழியை ஊன்றி நின்று கேட்டீர்கள்.

"ஆத்துல கெடக்குற உசுரையெல்லாம் எடுக்குறேங்குற. நானும் விடிஞ்சதுல இருந்து இங்கனதானப்பா கெடக்கேன். என்னைய எதுல சேப்ப, நாரையிலயா நண்டுலயா?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு, தள்ளிக்கங்க என்று மறுபடி சொன்னேன்.

அந்தப் பங்குனிக் காலையில் நான் எதிர்க்கரையில் வலைத்துணிக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தேன். பெரிய லென்ஸ் பொந்தைப் பார்த்திருந்தது. உள்ளே குஞ்சுகள் இருந்தன, தாயும் தகப்பனும் மாறி மாறி மீன் கொண்டுவந்தன. பறவை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க, சின்ன கேமரா ஒன்றை அகலமாக வைத்து ஓடவிட்டிருந்தேன். கரைமேல் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. பறவை திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். அதற்குள் உங்களைக் கிணற்றிலிருந்து உயிரில்லாமல் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அன்று உங்களுக்கு வேலையே இல்லை, குடித்துவிட்டு வந்து விளிம்பில் கால் இடறி விழுந்தீர்கள் என்று காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தார். ஆளை இறக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. அதனால் யாரும் யாரையும் இறக்குவதில்லை. எல்லாரும் அவரவராகவே விழுகிறார்கள்.

பதினாறு நாள் காரியம் முடிந்து செல்வி மதினி எங்கள் ஆபீசுக்கு வந்தார். இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. உதவி என்று எதுவும் கேட்கவில்லை, ஒரு படம் மட்டும் கேட்டார். நாளெல்லாம் படம் பிடித்தீர்களே, அவர் வேலை உடுப்போடு அங்கே நிற்கிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்றார்.

"குடிப்பாரு தம்பி, இல்லேன்னு சொல்லல. குடிக்காம அந்தக் குழிக்குள்ள எவன் எறங்குவான்? ஆனா அன்னைக்குக் காலையில குடிக்கல. நான் போட்டுக் குடுத்த காப்பியக் குடிச்சிட்டுப் போனாரு. குடிகாரன்னு எழுதி மூடுறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

ரெண்டு நாள் தேடினேன் அண்ணே. நண்டு வளை தோண்டுவது இருந்தது. எருமை முதுகில் கொக்கு இருந்தது. நீங்கள் இல்லை. ஓரிடத்தில் உங்கள் முழங்கை, இன்னோரிடத்தில் கழியின் நுனி, பின்னாலேயே தள்ளிக்கங்க என்று என் குரல். உங்களோடு நாற்பது நாள் டீ குடித்திருக்கிறேன், உங்கள் முகம் ஒரு பிரேமில்கூட என்னிடம் இல்லை.

கடைசியில் சின்ன கேமராவைத் திறந்தேன். அகலமான ஷாட் உதவாது என்று யாரும் அதுவரை அதைப் பார்க்கவே இல்லை.

பிரேமின் கீழே பொந்து. மேலே, ஓரத்தில், கிணற்றின் சுவர். நீங்கள் ஆரஞ்சுச் சட்டையோடு நிற்கிறீர்கள். சூப்பர்வைசர் வந்து உள்ளே கையைக் காட்டுகிறார். நீங்கள் தலையாட்டி மறுக்கிறீர்கள். அவர் திரும்பவும் காட்டுகிறார். சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டுவிட்டு இறங்குகிறீர்கள். கயிறு இல்லை. முகமூடி இல்லை. கீழே மீன்கொத்தி மீனோடு வந்து பொந்துக்குள் போகிறது. அரங்கில் கைதட்டினார்களே, அது இதே நொடிதான். பெரிய லென்ஸில் பறவை மட்டும் இருக்கிறது. அதற்கு நாலடி மேலே நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துக் கத்துகிறார், ஓடுகிறார். உடனே, கேமராவுக்குப் பக்கத்திலிருந்து, தெளிவாக ஒரு குரல்: "எவன்டா அங்க கத்துறது? பறவை போயிருச்சு."

என் குரல்.

உண்மையைச் சொல்கிறேன். என் கை முதலில் போனது அந்தச் சத்தத்தை அழிக்கிற பொத்தானுக்கு. மதினியின் வழக்கை எடுத்திருந்த வக்கீலம்மாவிடம், சத்தமில்லாமல் தரலாமா என்று போனில் கேட்டேன். ஒரு துண்டை எடுத்தாலும் மொத்தமும் வெட்டி ஒட்டியது என்று சொல்லிவிடுவார்கள், அப்படியே தருவதானால் தாருங்கள் என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

படம் கம்பெனிக்குச் சொந்தம், நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய், வெளியே போனால் வேலை இல்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் அவரைத்தான் காரணம் காட்டினேன். அது பொய். வேலைக்காக நான் பயப்படவில்லை. அந்த ஒரு வரியை மதினி கேட்டுவிடுவார் என்று பயந்தேன். அவர் ரெண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. அந்த நாட்களில்தான் தண்ணீரைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தேன்.

அரங்கில் படம் முடிந்தது. கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடியது. எங்களுக்குச் சாப்பாடு தந்த ஓட்டல்வரை பேர் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுசாக, சத்தத்தோடு. வக்கீலம்மா அலுவலகத்தில் போட்டுக் காட்டினார்கள், மதினி பக்கத்தில் இருந்தார். நீங்கள் சட்டையைக் கழற்றும்போது அவர் கை திரையைத் தொட்டது. அந்தக் குரல் வந்ததும் நிமிர்ந்தார்.

"இது யாரு?"

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். யாரோ படம் எடுக்க வந்தவன் போலிருக்கிறது என்று மதினியே சொல்லி முடித்துவிட்டார்.

வேலை போய்விட்டது, அது கிடக்கட்டும். உங்கள் இடத்துக்கு உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருத்தரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கிணற்றுச் சுவரில் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். நேற்றுப் போயிருந்தேன். அவர் சட்டையைக் கழற்றிப் போடும் இடம் அந்தப் பலகைதான். வேண்டாமண்ணே, இறங்காதீங்க என்றேன். எறங்கலேன்னா சோத்தை நீ போடுவியா என்று கேட்டுவிட்டு, சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்த்தார். நீங்களும் அன்று அப்படித்தான் பார்த்தீர்களா? நான் தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டிருந்தால் மேலே ஏறி வந்திருப்பீர்களா?

இந்தக் கடிதம் அச்சுக்குப் போவதற்கு முன்னால், நாளைக் காலையில் உங்கள் வீட்டுக்கு வாரேன். மதினிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தக் குரல் என்னுடையது என்று என் வாயாலேயே சொல்வேன். அவர் என்னை வெளியே தள்ளினாலும் சரி. அதற்குப் பிறகு கோர்ட்டில் அது ஓடும்போது, எவன்டா என்று கேட்டவன் யார் என்று கேட்பார்கள். எழுந்து நிற்பேன். நீங்கள் குடித்திருக்கவில்லை என்றும், தலையாட்டி மறுத்தீர்கள் என்றும், நான் அறுபதடி தூரத்தில் படுத்திருந்தேன் என்றும் சொல்வேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

எதிர்க்கரையில் படுத்திருந்த உங்கள் தம்பி,
கதிரேசன்